உள்ளே தள்ளி எழுத வேண்டிய வரி

மருத்துவமனையின் பின்கட்டில், துணி வெளுக்கும் அறைக்கு அடுத்த அறை. சன்னல் உண்டு, திறக்க வராது. பழைய எக்ஸ்ரே படங்களைக் கணினியில் ஏற்றும் வேலை அங்கேதான் நடந்தது. அந்த வேலையைப் பார்த்தவளை எல்லோரும் ‘ஸ்கேன் அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். நாற்பதைத் தாண்டியவள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவில் நின்றுபோனால், அவர் தொடாத லிஃப்டாக இருந்தாலும், பேச்சு என்னவோ இவளுக்குத்தான் விழும்.

அவளோடு வேலை பார்த்தவனுக்கு ஆமை என்று பட்டப்பெயர். மந்தமானவன் என்று நினைத்துவிட வேண்டாம். ஏசிக் குளிர் தாங்காமல் ஸ்வெட்டர் காலருக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான், அதனால் வந்த பெயர். ஒப்பந்த ஆள். வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும்.

ஆமை படத்தை ஸ்கேனருக்குள் விடுவான். அதன் மூலையில் ஒட்டியிருக்கும் எண்ணையே ஸ்கேனர் கோப்புக்குப் பெயராக வைத்துவிடும். அந்த எண் யாருடையது என்று அட்டவணையில் தேடி, நோயாளியின் பெயரைத் தட்டி, கோப்பைச் சேமிப்பது அக்காவின் வேலை. ஒன்று முடிந்தால் அடுத்தது. அது முடிந்தால் அதற்கடுத்தது. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை இதேதான். சில நாள் பஸ்ஸில் வரும்போதுகூட விரல்கள் மடியில் தட்டிக்கொண்டே இருக்கும்.

மணிக்கட்டு வீங்கியபோது எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, “கைக்கு ரெஸ்ட் குடுங்கம்மா” என்றார்.

“யார் கைய வச்சு வேலை பாக்கறது டாக்டர்?” என்றாள். அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தங்கை வெளியூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் அவளிடம் புலம்பியபோது, “அட, இதுக்குப் போய் கைய உடைச்சுக்கறியா?” என்றாள் தங்கை. “பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷை இருக்கு, அதுல ஒரு ஃபார் லூப் போதும்க்கா. ‘இந்த ஃபோல்டர்ல இருக்கறத ஒவ்வொண்ணா எடு, நான் சொல்றதச் செய், தீர்ற வரைக்கும் செய்’னு எழுதணும். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?” அக்காவுக்கு ஏனோ கோபம்தான் வந்தது. இத்தனை வருஷமும் தான் செய்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாளே என்று.

கணவர் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். “எங்க லிஃப்டும் அதத்தானே பண்ணுது? மேல போ, கீழ வா. ஆனா கயிறு அறுந்தாத் தெரியும் சேதி.”

“வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?”

சாப்பாட்டு இடைவேளைகளில் கற்றுக்கொண்டாள். தங்கை அனுப்பிய பாடங்களைப் பார்ப்பாள், பாதியில் கண் சொக்கிவிடும். ‘ஃபார்’ என்று தொடங்கும் வரியின் முடிவில் முக்கால்புள்ளி வைக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் நடக்க வேண்டிய வேலையை அதற்குக் கீழே, உள்ளே தள்ளி எழுத வேண்டும். தள்ளாமல் வெளியே விட்ட வரி ஒரே ஒரு தடவைதான் நடக்கும். கேட்கும்போது புரிந்தது. எழுதும்போதுதான் காலை வாரியது.

ஒரு நாள் மதியம் துணிந்து, காலையில் ஏற்றிய படங்கள் மேலேயே தான் எழுதியதை ஓட்டிப் பார்த்தாள். கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. சந்தோஷமாக ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு கோப்பு. யாரோ ஒருவரின் முழங்கால்.

எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டாள். அவள் எழுதியதைப் பார்த்ததும் தங்கை கண்டுபிடித்துவிட்டாள். “பேரத் தேடற வரிய லூப்புக்கு மேலயே எழுதிட்டேக்கா. ஒரு தடவைதான் தேடியிருக்கு. அந்த ஒரே பேர எல்லாத்துக்கும் வச்சிருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து, கடைசிப் படம் மட்டும் மிஞ்சியிருக்கு. நகல் எடுத்து வச்சுட்டில்ல ஓட்டியிருக்கணும்?”

அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். ஆமை எட்டிப் பார்த்தான். ஒரு காலைப்பொழுதின் உழைப்பு போய்விட்டது, அதில் பாதி அவனுடையது. திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் பிலிம் பெட்டியைத் திரும்ப இழுத்துப் போட்டான்.

“விடுங்கக்கா. பிலிம் எங்கயும் ஓடிப் போகலையே. திரும்ப ஏத்திட்டாப் போச்சு.”

இருவரும் மறுபடி ஏற்றினார்கள். பிறகு அவள் அந்த வரியைக் கீழே இறக்கி, உள்ளே தள்ளி எழுதினாள். இந்த முறை நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஓட்டினாள். எல்லாப் பெயரும் சரியாக வந்து உட்கார்ந்தன. ஆமை காலருக்குள்ளிருந்து கழுத்தை முழுசாக வெளியே நீட்டி, “அடேயப்பா!” என்றான்.

சில வாரம் நிம்மதியாகத்தான் போயிற்று. அப்புறம் சேதி மேனேஜர் காதுக்குப் போனது. அவர் கெட்டவர் இல்லை, மேலிடத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லி முகம் வெளிறியவர். அறைக்கு வந்து பாராட்டினார். மறுநாள் ஆமையைக் கூப்பிட்டு, இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஆமை அவளிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளைத் தின்றது. சாப்பாடு இறங்கவில்லை. கணவர் கேட்டதற்கு, “என் கை வலிக்குதுன்னு இன்னொருத்தன் சோத்துல கை வச்சுட்டேங்க” என்றாள்.

மறுநாள் மேனேஜரிடம் போய் நின்றாள்.

“சார், அவன் வேணும்.”

“எதுக்கும்மா? ரெண்டு பேர் வேலைய நீங்க ஒருத்தரே முடிச்சுடறீங்க. நீங்கதானே வேகமாக்கினீங்க?”

“வேகமாப் போகுது சார். சரியாப் போகுதான்னு யார் பாக்கறது?” கையோடு கொண்டுவந்திருந்த படத்தை மேசையில் வைத்தாள். ஒரு குழந்தையின் கை எலும்பு. அதில் ஒட்டியிருந்த எண்ணுக்கு அட்டவணையில் வந்த பெயரோ எழுபது வயதுக்காரருடையது. “யாரோ எப்பவோ ஸ்டிக்கர மாத்தி ஒட்டியிருக்காங்க. நான் கையால செஞ்சப்போ படம் கண்ணுல படும், சந்தேகம் வரும். லூப்புக்கு அது வராது. குடுத்தத எடுத்துச் செஞ்சுட்டுப் போயிட்டே இருக்கும். நாளைக்கு அந்தப் பெரியவர் ஆபரேஷனுக்கு வந்தா?”

மேனேஜர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். “மேல கேட்டுப் பாக்கறேன். வாக்கு மட்டும் கேக்காதீங்க.”

மேலிடம் பாதிக்குத்தான் இறங்கி வந்தது. ஏறிய படங்களைச் சரிபார்க்க ஆமை இருக்கலாம், ஆனால் மதியம் மட்டும். காலை நேரத்துக்கு அவன் ஒரு கிடங்கில் மூட்டை இறக்கும் வேலையைப் பிடித்துக்கொண்டான். அக்காவுக்கோ இன்னொரு கிளை ஆஸ்பத்திரியின் படங்களும் சேர்ந்து வந்தன. அறையின் பாதியைப் பெட்டிகள் அடைத்துக்கொண்டன. காலையில் ஸ்கேனருக்குள் படம் விடுவதும் இப்போது அவள் பாடுதான்.

மதியம் இருவரும் ஒரே திரையின் முன் உட்காருவார்கள். பெயரையும் வயதையும் அவள் படிப்பாள். அவன் படத்தைப் பார்த்து, “சரி… சரி…” என்பான்.

அன்றைக்கு நடுவில் ‘சரி’ வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். கிடங்குத் தூசி தலையில் அப்படியே இருக்க, தாடை மார்பில் இறங்கி, ஆமை தூங்கிப்போயிருந்தான். எழுப்பக் கையை நீட்டியவள், வேண்டாமென்று இழுத்துக்கொண்டாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் திரைக்குக் கிட்டே நகர்த்திப் போட்டு, பெயரையும் படத்தையும் அவளே மாறி மாறிப் பார்க்கத் தொடங்கினாள்.