நின்றே தளர்ந்த ரத்தக்குழாய்

வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் வயரிங் லைனில் எனக்கு ஷிப்ட் முழுக்க நின்றபடியே வேலை. ஆறாவது வருடம் இடது கெண்டைக்காலில் நீலமாக ஒன்று புடைத்துக்கொண்டு வந்தது. மாலைக்குள் கால் கனத்துவிடும். இருப்புக்கொள்ளாது. குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டே வேலை செய்வேன்.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன்.

"நரம்பு சுருட்டிக்கிச்சு மேடம்."

காலில் ஸ்கேன் கருவியை ஓட்டியபடியே அவர் சொன்னார். "இது நரம்பு இல்லம்மா, ரத்தக்குழாய். குழாயோட சுவர்ல தசை செல்லுங்க இருக்கு. குழாயை இறுக்கிப் பிடிச்சிருக்கிறது அதுங்கதான். ரத்தம் தேங்கி அழுத்திக்கிட்டே இருந்தா, அதுல பல செல்லுங்க சுருங்குற வேலையை விட்டுட்டு நார் மாதிரி ஒண்ணை உற்பத்தி பண்ண ஆரம்பிச்சிடும். சுவர் அங்கங்க தடிச்சு, தளர்ந்து போயிடும். உள்ள இருக்கிற வால்வும் சரியா மூடாது."

"பழையபடி ஆவுமா?"

"மாறினது மாறினதுதான். மேல மோசமாகாம பாத்துக்கலாம். இறுக்கமான சாக்ஸ் போடுங்க. ஒரே இடத்துல நிக்காதீங்க."

அதன்பின் எனக்கு நிம்மதி போயிற்று. இந்த நிமிடம் எந்த செல் மாறிக்கொண்டிருக்கிறதோ என்றே நினைப்பு. சர்ச்சில் பாட்டுக்கு எழுந்து நிற்கும்போதும் கால் மாற்றிக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, "இன்னாம்மா, லைன்ல டான்ஸ் ஆடிக்கினு கீற?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆத்திரத்தில் பேண்ட்டை முட்டிவரை தூக்கிக் காட்டினேன்.

"இத்த பாருங்க சார்."

அவர் ரேக்குக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டுப் போய்த் தன் பேண்ட்டை உயர்த்தினார். முட்டியிலிருந்து கணுக்கால்வரை முடிச்சு முடிச்சாக இருந்தது. கணுக்காலருகே தோல் கறுத்திருந்தது.

"பன்னெண்டு வருசமா கீது. வூட்டுல கூட காட்டல."

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். "அந்த செல்லு திரும்பி வேலைக்கு வராதா?" என்று இரண்டு முறை கேட்டார்.

மறுவாரமே என்னை உதிரிபாக டிராலி தள்ளும் வேலைக்கு மாற்றினார். நாள் முழுக்க நடை, கனம் குறைந்தது. ஆனால் தன் காலுக்கு வைத்தியம் பார்ப்பதை அவர் தள்ளிப்போட்டார். கணுக்காலருகே புண் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். கெட்டுப்போன ரத்தக்குழாயை லேசரில் மூடினார்கள். புண் ஆற மாதங்களாயின.

திரும்பி வந்தவர் மேனேஜரிடம் போராடி லைனுக்கு நான்கு ஸ்டூல் வாங்கினார். பன்னிரண்டு பேர் முறைவைத்து உட்காருகிறார்கள். அதுவே போதாது என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.