கஞ்சிக்குத் தராத தண்ணீர்

இரும்புலியூரில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான் எதிர்வீட்டு பாய் வருடந்தோறும் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார். அவருடைய அண்டா எங்கள் வாசலில் நிரம்புவது அம்மாவுக்குப் பெருமை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள் அவள். பிறருக்குக் கொடுக்க அவளிடம் இருந்தது அந்தத் தண்ணீர்தான்.

இந்த வருடம் நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீரில் டர்பன்டைன் போல ஒரு வாடை. சாலைமுனை பெட்ரோல் பங்கில் பூமிக்கடியில் இருந்த தொட்டி கசிந்திருந்தது. பெட்ரோல் நன்றாக எரிய ஒரு ரசாயனம் கலப்பார்கள். பெட்ரோலாவது தண்ணீர்மேல் மிதக்கும். இந்த ரசாயனம் தண்ணீரில் கரைந்து தூரமாக ஓடிவிடும்; வாடை அதனுடையதுதான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போய், கல்லூரி வரை படித்தவன் நான், அதுவும் வேதியியல். சும்மா இருக்க முடியுமா? மொட்டைமாடியில் தண்ணீரை ஷவர் வழியாக டிரம்முக்குள் பொழியவிட்டேன். காற்றுப் பட்டால் அது பிரிந்து போகும். மிச்சத்தைப் பிடிக்க, ஃபில்டர் கரி அடைத்த குழாய்.

வாடை போய்விட்டது. அம்மா டம்ளரை மோந்து பார்த்தாள்.

"ரிப்போர்ட் வரட்டும்மா. லேபுக்குக் குடுத்திருக்கேன்."

"இன்னாடா ரிப்போர்ட்டு? என் மூக்கு பொய் சொல்லுமா?"

தண்ணீர் சரியாகிவிட்டதென்று அப்போதே போய் பாயிடம் சொல்லிவிட்டாள்.

முதல் நோன்பன்று மதியம்தான் ரிப்போர்ட் வந்தது. ரசாயனம் குறைந்திருந்தது, ஆனால் குடிக்கிற அளவுக்கு இல்லை. படித்து முடிப்பதற்குள் பாய் அண்டாவோடு வந்துவிட்டார்.

"இன்னாக்கா, தம்பி மாடில ஒரு பேக்டரியே போட்டுக்கீறான் போல!"

அம்மா சிரித்துக்கொண்டே குழாயைத் திறக்கப் போனாள்.

"வேணாம் பாய். வாடைதான் போயிருக்கு. அந்த கெமிக்கல் இன்னும் இருக்கு."

அம்மாவின் கை குழாயிலேயே நின்றது. "படிச்ச புள்ள சரி பண்ணிட்டான்னு தெரு பூரா சொல்லிக்கினு வந்தேனேடா." மெதுவாகத்தான் சொன்னாள். பாய்க்குக் கேட்டது.

"அதனால இன்னாக்கா, கேன் தண்ணி போட்டுக்கிறேன். தம்பி நல்லதுதான சொல்றான்."

காலி அண்டா படியில் இடித்துக் கணீரென்றது. நிமிர முடியவில்லை எனக்கு. சொன்னது சரிதான். ஆனாலும் நோன்பு வைத்தவரைத் தண்ணீர் இல்லையென்று அனுப்பிய வீடாகிவிட்டது எங்கள் வீடு.

சாயங்காலம் பாங்கு சொன்னதும், வழக்கம்போல எங்களுக்கும் தூக்கில் கஞ்சி வந்தது. வாங்க அம்மா வெளியே வரவில்லை, நான்தான் வாங்கினேன். குடித்து முடித்தபின் அவள் காலித் தூக்கை வெகுநேரம் மடியில் வைத்திருந்தாள்.

"இத்த எந்தத் தண்ணில கழுவிக் குடுக்குறது?"

கழுவுவதற்குப் பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கடைக்குப் போய் ஒரு கேன் வாங்கி வந்தேன்.