உள்வாய் பத்தடி

தம்பி நம்மை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. "நினைவு மலருக்கு நீங்கதான் எழுதணும் மதினி, அவுகளை வளத்தது நீங்கதானே" என்று தம்பி மனைவி சொல்லிவிட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவே கூசும். வீட்டில் தம்பியை நீ, வா, போ என்றுதான் பேசுவேன். அச்சில் வருவதால் மரியாதையாக எழுதுகிறேன்.

தம்பி பிறந்தது வலையபட்டியில். அப்பா மர ஆசாரி. நிலை, கதவு, ஜன்னல் எல்லாம் செய்வார். தம்பிக்கு மூன்று வயதில் அம்மா போய்விட்டதால் சோறு போட்டது நான்தான். அவர் பனை மாதிரி வளர்ந்துகொண்டே போனார். வீட்டு நிலையில் தலை இடிக்காத நாள் இல்லை. "ஊருக்கெல்லாம் நிலை வச்சேன், உனக்கு வைக்க மரம் பத்தாதுடா" என்பார் அப்பா.

அந்த உயரத்தைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் கூடைப்பந்து ஆட இழுத்துக்கொண்டார். பிறகு தம்பி அதற்கே படித்து, சில பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்து, தொண்ணூறு வாக்கில் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். வந்தபோது அணியே இல்லை. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டார். கால் தெரிய ஆடவேண்டுமா என்று பெற்றவர்கள் முகத்தைத் திருப்பினார்கள். சுடிதாரோடு ஆடட்டும் என்று சொல்லிக் கூட்டிவந்தார். எல்லாம் வயல்வேலை பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அதற்கு முன் கூடைப்பந்துக் கம்பத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

கல்லூரியில் சிமெண்டுத் தளம் போட்டு இரும்புக் கம்பம் நட்டார்கள். பலகை செய்து மாட்டும் வேலையைத் தம்பி அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தார். அப்போது அப்பாவுக்கு வயதாகி, கூப்பிடுவார் குறைந்துபோய், வீட்டில் சும்மா இருந்த நேரம். தம்பி வெளியூருக்கு ஒரு முகாமுக்குக் கிளம்பும் அவசரத்தில், "வளையம் பத்தடி உயரம்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வேலையில் ஒரு நிலை ஏழடி என்றால் அது உள்வாய் ஏழடி. மேலே உள்ள மரத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், ஆள் நுழைகிற வெற்றிடம்தான் அளவு. அப்பா பத்தடியையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். தரைக்கும் பலகையின் அடிவிளிம்புக்கும் நடுவே பத்தடி விட்டு மாட்டினார். வளையம் பலகையில் அரையடி ஏறி இருக்கும். அதனால் வளையம் நின்றது பத்தரை அடியில்.

தம்பி திரும்பி வந்த மறுநாளே திறப்பு விழா. கல்லூரி முதல்வர் அப்பாவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். அப்பா அதைக் கழற்றாமலே பேருந்தில் வீட்டுக்கு வந்தார். தம்பி மட்டும் சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அக்கா, வளையம் அரையடி ஏறிப்போச்சு."

"அப்பாகிட்டச் சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? பொன்னாடைய மடிச்சுக்கூட வைக்கலை."

அதற்குள் அப்பா வந்து, "என்னடா, வேலை எப்படி?" என்று கேட்டார். "ஒரு நூல் பிசகலைப்பா. நீங்க செஞ்சதுல எது பிசகியிருக்கு" என்றார் தம்பி. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஒரு வார்த்தையை இரண்டு வருடம் சுமந்தோம். பலகையை இறக்கினால் அப்பா காதுக்குப் போய்விடும் என்று தம்பி அதைத் தொடவில்லை. சொந்த மைதானத்தில் எங்கள் பிள்ளைகள் யார் வந்தாலும் ஜெயித்தார்கள். வெளியூர் போனால் பந்து வளையத்தைத் தாண்டித் தாண்டி விழும். "காரைக்குடிப் பந்து காரைக்குடிக் கூடையிலதான் விழுகுமாம்ல" என்று மற்றப் பயிற்சியாளர்கள் கேலி பேசினார்களாம். நாடா பிடித்து அளக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆசாரி வீட்டு வேலையில் அளவு தப்பாது என்று நினைத்திருப்பார்கள். வெளியூர்ப் போட்டி என்றால் அதற்கு முந்தின வாரம் முழுவதும் தம்பி விடியற்காலையில் பிள்ளைகளைத் திருப்பத்தூருக்கு அழைத்துப்போய், அங்கே ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஆடவிடுவார். "எடம் மாத்திப் பழகணும்" என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவைத்தார். புளிச்சோறு கட்டிக் கொடுத்து எனக்குக் கை சோர்ந்துபோனது. அவருக்கு அதைவிடச் சோர்வு. சட்டையைக் கழற்றாமலே படுத்துவிடுவார்.

அணியில் புஷ்பம் என்று ஒரு பிள்ளை. கிறிஸ்தவ வேதக்கார வீடு, கடலை விவசாயம். அந்த வருடக் கல்லூரிகளுக்கிடையிலான இறுதிப் போட்டியில் ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குக் கூப்பிடுவார்கள், தோற்றால் கல்யாணம் என்று அவள் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். அந்த வாரம் பார்த்துத் திருப்பத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை, உள்ளே விடவில்லை. சொந்த மைதானத்தில் பழகிய கையோடுதான் போனார்கள். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, கடைசி நேரத்தில் புஷ்பத்துக்கு யாரும் மறிக்காமல் எறிய இரண்டு வாய்ப்பு கிடைத்தது. இரண்டு பந்தும் வளையத்தின் மேலாகப் போய்ப் பலகையில் பட்டுத் திரும்பிவிட்டன.

அடுத்த வாரம் அவள் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். துண்டை மடியில் வைத்துக்கொண்டு, "சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னொரு வருசம் ஆடுனா இந்தப் புள்ளைக்கு வருமா? இல்ல, கை அவ்வளவுதான்னா கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிருறேன்" என்றார்.

உள்ளே அப்பா படுத்திருந்தார். இங்கே பேசுவதெல்லாம் அவர் காதில் விழும். தம்பி உள்பக்கம் ஒரு தடவை பார்த்தார். அவள் கை நல்ல கை, இன்னொரு வருடம் விடுங்கள் என்றார். ஏன் தப்பியது என்பதைச் சொல்லவில்லை.

"சும்மா எங்க மனசு ஆறச் சொல்றீக சார்" என்று அவர் எழுந்து போய்விட்டார். மூன்று ஞாயிறு சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். நாலாவது வாரம் கல்யாணம்.

அதன்பின் எட்டு மாதத்தில் அப்பா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தம்பி மொட்டைத் தலையோடு ஏணி எடுத்துப்போய்ப் பலகைகளை அரையடி இறக்கினார். பிறகு அணி வெளியூர்களிலும் ஜெயித்தது. நாலைந்து பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள். கோப்பைகளைக் கல்லூரி அலமாரியில் வைத்தார்கள். தம்பி அந்த அலமாரிப் பக்கம் நின்று நான் பார்த்ததில்லை. சர்க்கரை வியாதி வந்து, ஒரு காலில் விரல் எடுத்து, உட்கார்ந்தபடியே ஊதல் ஊதிப் பயிற்சி கொடுத்தார். கடைசி வாரத்தில் என்னிடம், "அந்தப் பிள்ளைகிட்ட நான் சொல்லிருக்கணும்க்கா. அப்பா போனப்புறமாச்சும் சொல்லிருக்கணும். இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போட்டேன், அவ ரெண்டு பிள்ளைக்குத் தாயாயிட்டா, இனிச் சொல்லி என்னன்னு விட்டுட்டேன்" என்றார். அப்பாவின் மனசைக் காப்பாற்றியது சரியா, அந்தப் பிள்ளையின் வாழ்க்கை திரும்பிப் போனது தப்பா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. யோசித்து யோசித்து அலுத்துவிட்டேன்.

தம்பியைத் தூக்கிப் போய் மருத்துவம் பார்த்த அண்டை வீட்டாருக்கும், கட்டுப் போட வீட்டுக்கே வந்த நர்ஸ் அம்மாவுக்கும், கல்லூரிப் பெரியவர்களுக்கும், எங்கெங்கோ வேலையை விட்டு வந்து நின்ற, தம்பி பழக்கிய அணிப் பிள்ளைகளுக்கும் எங்கள் வீட்டார் கைகூப்புகிறோம்.

தம்பியை எடுத்த அன்றைக்குப் புஷ்பமும் வந்திருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த ரெண்டு பந்தையும் போட்டிருந்தா சாருக்கு எம்புட்டுப் பேரு வந்திருக்கும் அத்தை. அன்னைக்குன்னு எங் கை கெட்டுப்போச்சு" என்று அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன். அன்றைக்குச் சொல்லாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

புஷ்பம், உன் கையில் ஒன்றுமில்லை அம்மா. நாங்கள் பழக்கிய உயரத்துக்கு நீ சரியாகத்தான் எறிந்தாய்.