நரம்பு முளைக்கும் கதை

என் தம்பி சேவியர் இன்று எழுந்து நிற்க முடியாமல் கிடப்பதற்கு நான்தான் காரணம். இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூரில் எங்கள் தோப்புத் தென்னையிலிருந்து விழுந்து அவனுக்கு முதுகெலும்பில் அடிபட்டது. அப்போது வயது இருபத்தாறு. கால்களில் கொஞ்சம் உணர்வு மிச்சமிருந்தது. விடாமல் பயிற்சி கொடுத்தால் ஊன்றுகோல் பிடித்து நடக்கலாம் என்றார் மருத்துவர். அதற்கு வாரம் மூன்று நாள் திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போக வேண்டும். அதே ஊரில், நாகல் நகரில் நான் நடத்தும் செல்போன் பழுதுபார்க்கும் கடையை அந்த நாட்களில் பூட்டிவிட்டுப் போனேன்.

ஐந்து மாதம் போனேன். அவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவேன். பயிற்சி அறைக்குள் அவன் வலியில் கத்துவான். வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன். அந்தச் சத்தம் காதில் விழாதிருக்கத்தான் அறிவியல் புனைகதைகளைக் கையில் எடுத்தேன்.

என்ன உலகம் அது! அங்கே எவரும் எவரையும் தூக்கிச் சுமப்பதில்லை. உடலுக்கு எடையே இல்லை. அறுந்த நரம்பு ஒரே ஊசியில் முளைத்துவிடுகிறது...

மாலைகளில் அவனுக்கும் வாசித்துக் காட்டினேன். நரம்பு முளைக்கும் கதையை முடித்த அன்று அவன் கேட்டான்.

"இதெல்லாம் நெசமா வருமாண்ணே?"

"வந்துக்கிட்டே இருக்குடா. இன்னும் ரெண்டு மூணு வருசம். அதுக்குள்ள எதுக்கு இம்புட்டு வலியத் தாங்குற?"

அறியாமல் சொன்னேனா? இல்லை! மறுநாள் காலையில் அவனைத் தூக்க வேண்டுமே என்ற சலிப்பில், தெரிந்தே சொன்னேன்.

அவன் முகம் மலர்ந்தது. "அப்ப நாளைக்குப் போக வேணாம்ண்ணே" என்றான். நான் மறுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் மறுக்கவில்லை. கால்கள் மெலிந்து விறைத்துப் போயின.

மனிதர்கள் ஏன் அறிவியல் புனைகதையைக் காதலிக்கிறார்கள் என்று பேச, இத்தனை கதை படித்தவன் என்று நூலகத்தில் என்னைக் கூப்பிடுகிறார்கள். வியப்பு, தேடல், எதிர்காலக் கனவு என்கிறேன். கைதட்டுகிறார்கள். உங்களுக்கு அது உண்மையாக இருக்கலாம். நான் காதலித்தது வேறொன்றுக்காக... இன்று நான் செய்ய வேண்டியதை நாளை வரும் எவனோ செய்துவிடுவான் என்ற நிம்மதிக்காக!

பழியைக் கதைகளின் மேல் போடுகிறேனா? அவை ஏமாற்றவில்லை. அட்டையிலேயே கதை என்றுதான் போட்டிருந்தது. அதைச் செய்தியாக்கிச் சொன்னவன் நான்.

சென்ற வாரம், வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் பெண் ஒருவர் வந்தார். சேவியரின் முழங்காலை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. பழைய மருத்துவச் சீட்டுகளைப் புரட்டினார்.

"ஆரம்பத்துல நல்லாத்தான தேறி வந்திருக்கீங்க? யாரு நிப்பாட்டச் சொன்னது?"

நான் அந்தச் சீட்டுகளை வாங்கி அடுக்கத் தொடங்கினேன்.

"யாரும் சொல்லலை மேடம். எனக்குத்தான் வலி தாங்க முடியல. அண்ணன் தெனமும் கூப்பிட்டுச்சு" என்றான் சேவியர், என் பக்கம் திரும்பாமலே.

எல்லாம் அறிந்துதான் சொன்னானா? கேட்கும் துணிவு எனக்கு இல்லை.

"இப்படி ஒரு அண்ணன் இருந்தும் விட்டுட்டீங்களே" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்தார்.

ஆமாம் என்பதுபோல் நான் தலையசைத்தேன்.