மங்கல் பக்கம் மேலே

கண்ணாடித் தகட்டைத் தூக்கும்போது அந்த அம்மா மூச்சு விடுவதில்லை. பெட்டியிலிருந்து எடுத்து, இரு ஓரங்களையும் உள்ளங்கைகளால் பிடித்து, ஸ்கேனரில் படுக்க வைக்கும் வரை கன்னம் உப்பியே இருக்கிறது. வைத்த பிறகுதான் ‘உஸ்ஸ்’ என்று ஒரு பெருமூச்சு. “வீட்டுல பேசும்போதும் இப்படிக் கொஞ்சம் மூச்சப் பிடியேன்னு எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். நான் என்ன சொல்வேன்னா...” அடுத்த தகடு கைக்கு வந்துவிட்டது. என்ன சொல்வார் என்பது எனக்கு இன்று வரை தெரியாது.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. மூடிப்போன ஒரு போட்டோ ஸ்டூடியோவின் முப்பதாயிரம் கண்ணாடி நெகட்டிவ்கள் அங்கே இருக்கின்றன. கணினியில் ஏற்றிவிட்டால் யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். நாலு வருடமாக இவருக்கு இதுதான் வேலை. தகட்டில் வருகிறவர்களை விசாரிக்காமல் விடமாட்டார். “வாங்க மீசைக்காரரே, ஆடாம படுங்க.” கல்யாண ஜோடியிடம், “ஏம்மா, கொஞ்சம் சிரிச்சாத்தான் என்னவாம்?”

தகட்டின் ஒரு பக்கம் பளபளக்கும். படம் படிந்த பக்கம் மங்கல். மங்கல் பக்கம் மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் இடம் வலமாகிவிடும்.

போன மாதம் ஒரு போன் வந்தது. “எங்கப்பாவுக்கு மச்சம் இடது கன்னத்துலங்க. நீங்க வலதுல போட்டிருக்கீங்க.” இவர் உடனே அந்தத் தகடு இருந்த பெட்டியைத் தேடி எடுத்தார். அந்தப் பெட்டியைத் திறந்தால், ஸ்டூடியோக்காரர் நடுவே தாள் வைத்து, தகடுகளை இரண்டிரண்டாக, மங்கல் பக்கங்கள் முகத்தோடு முகம் பார்க்க, அடுக்கியிருக்கிறார். எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்கும் என்று நம்பி, இவர் பெட்டியில் இருந்த வாக்கிலேயே எடுத்து வைத்திருக்கிறார். அந்தப் பெட்டியின் நானூறு தகடுகளில் பாதி தப்பு. உடைந்தவற்றை ஒதுக்கியதில் வரிசையும் கலைந்துவிட்டது. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும்.

“புகார் வந்ததை மட்டும் திருப்புங்க. மீதிய யார் பாக்கப் போறாங்க? தொட்டா உடையற சாமான்” என்றார் மேலதிகாரி. அவர் பயமும் நியாயம்தான்.

“யார் பாப்பாங்கன்னு தெரியாமத்தானே சார் ஏத்துறோம்?”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு சம்மதித்தார். ஒன்று உடைந்தாலும் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். வழக்கமான வேலையும் பின்தங்கக் கூடாது. அதனால் மூன்று வாரமாக இவருடைய சாப்பாட்டு வேளை பெட்டிக்குப் போனது. சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பியது. மச்சக்காரரின் மகனுக்கு முதல் வாரமே சரியான படம் போய்விட்டது. இதுவரை ஒரு கீறல் இல்லை.

நான் பார்க்கப் போன அன்று அந்தப் பெட்டியில் கடைசித் தகடு மட்டும் பாக்கி. படத்தில் சட்டைகூட இல்லாத ஒரு கைக்குழந்தை, மெத்தையில் குப்புறக் கிடந்து நிமிர்ந்து பார்க்கிறது. பெயர் இல்லை, மச்சம் இல்லை. இது இடம்வலம் மாறியிருந்தால் பெற்ற தாய்க்கே தெரியுமா என்பது சந்தேகம்.

“இதை விட்டுடலாமே?” என்றேன். உடைந்துவிடுமோ என்று எனக்கே பதைப்பாக இருந்தது.

அவர் அதற்குள் தகட்டைத் தூக்கிவிட்டார். கன்னம் உப்பியிருந்தது. தகட்டை விளக்கருகே சாய்த்துப் பார்த்தார். பிறகு, தூங்குகிற பிள்ளையைப் புரட்டுவது போல மெல்லத் திருப்பி, மங்கல் பக்கம் மேலே வரும்படி படுக்க வைத்தார்.