தலையில் ஏறிய துண்டு

வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்கு மழை என்றாலே பயம். மேட்டில் பெய்கிற தண்ணீரெல்லாம் கடைசி வீடுகளுக்குள் வந்துதான் உட்காரும். அதில் ஒன்று அஜ்மத் பேகத்தின் வீடு. தையல் மெஷினைச் செங்கல் அடுக்கி அதன் மேல் வைத்திருக்கிறார்.

தெருச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ஓரிடத்தில் நிற்க மாட்டார். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே போனில் பேசுவார். பாதியில் போட்டுவிட்டு மழைநீர்க் கால்வாய் கேட்டு மனு கொடுக்கக் கிளம்பிவிடுவார். மனு எழுதக் கற்றது ஒரு கட்சியின் மாதர் அமைப்பில்தான். "அவங்க இல்லன்னா கலெக்டர் ஆபீஸ் வாசல் எந்தப் பக்கம்னே தெரிஞ்சிருக்காது" என்பார். பிறகு அந்தக் கட்சியை விட்டார், எழுதுவதை விடவில்லை. சங்கத்தில் கட்சி பேசக் கூடாது என்பது அவர் போட்ட விதி. எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள்.

கால்வாய்க்கு அனுமதி வந்தது. பூமி பூஜையில் ஆளுங்கட்சி மகளிரணி மணிமொழி, பேகத்தின் தோளில் கட்சித் துண்டைப் போர்த்தினார். எப்படி மறுப்பது? அந்த நேரம் பார்த்து மசூதியில் பாங்கு சொன்னார்கள். பேகத்தின் கை, பாங்கு கேட்டால் தலையை மூடும் பழக்கத்தில், மேலாகக் கிடந்த துணியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டது. துப்பட்டா அதற்கு அடியில் இருந்தது. யாரோ போட்டோ எடுத்துவிட்டார்கள்.

இருட்டுவதற்குள் படம் எல்லார் போனிலும். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

சகாதேவன் மனையில் ஓரடி விட்டால்தான் கால்வாய் ஏரிக்குப் போகும். அவர் எதிர்க்கட்சியின் கிளைச் செயலாளர். தருகிறேன் என்றிருந்தவர், முடியாது என்று சொல்லி அனுப்பினார். பேகம் செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓடினார். நானும் பின்னால் போனேன்.

"இன்னாக்கா, தோள்ல இருந்தா பரவால்ல. தலைல தூக்கி வெச்சினு ஆடுறீங்க!" என்றார் சகாதேவன்.

"பாங்கு சொன்னாங்க தம்பி. கைக்கு வந்தத போட்டுக்கினேன். அதுல இன்னா கட்சி?"

"எனக்குத் தெரியும். எங்க ஆளுங்களுக்கு யாரு சொல்றது? போட்டோல பாங்கு கேக்காதுக்கா."

அவர் மனைவி வள்ளி உள்ளேயிருந்து சிரித்தார். "நம்ம துண்டயும் ஒருவாட்டி போட்டுக்கச் சொல்லுங்க. சரியாப் பூடும்."

பேகம் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டார். பிறகு, "போட்டுக்கறேன். மொதல்ல மண்ண வெட்டுங்க. அப்பறம் போட்டோ" என்றார்.

மறுநாள் ஜேசிபி வந்தது. பிற்பகலுக்குள் கால்வாய் ஏரியைத் தொட்டுவிட்டது. வள்ளி தங்கள் கட்சித் துண்டைப் பேகத்தின் தோளில் போர்த்தினார்; போட்டோ எடுத்தார்கள். வேறொரு கட்சிக்காரரான பலராமன், "பேகம்மா, எங்க துண்டுக்கு எப்ப தேதி குடுப்பீங்க?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போது பாங்கு கேட்டது.

பேகத்தின் கை எழுந்தது. தோள்வரை வந்து நின்றது. நாங்கள் எல்லாரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் துண்டை ஒதுக்கினார். அடியில் சிக்கியிருந்த துப்பட்டாவின் முனையைத் தேடினார், இழுத்தார், மறுபடி இழுத்தார். அது தலைக்கு வந்து சேர்வதற்குள் பாங்கு முடிந்திருந்தது.