சில்வேன் பூர்தே தங்கிய வீடுகள்

க்ரேஸ் மாவட்டத்திலிருந்து பாரிஸுக்குக் கொத்தனார் வேலைக்கு வருகிறவர்களில் சில்வேன் பூர்தே அளவுக்குச் சுத்தமாகச் சுவர் இடிக்கத் தெரிந்தவன் இல்லை. நம்பாதவர்கள் அவனுடைய மேஸ்திரியைக் கேட்டுக்கொள்ளலாம். மூன்றாம் மாடியில் நின்று, கீழே போகிறவன் தொப்பியில் தூசி படாமல் ஒரு சுவரைப் படுக்கவைப்பான்.

அவனுக்கிருந்த ஒரே தொல்லை தங்குமிடம். பழைய நகரத்தைக் கீறி அகலமான சாலைகள் போட மேலிடம் தீர்மானித்திருந்தது. கோடு எந்தத் தெரு வழியாகப் போகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 1862 மார்ச்சில் ஆற்றுத் தீவில் ஒரு விடுதியில் சேர்ந்தான். மே மாதம் அவன் கையாலேயே அதை இடித்தான். ஜூனில் நகரமன்றத்துக்குப் பின்னால் சேர்ந்தான். ஆகஸ்டில் அதுவும் போயிற்று. மூன்றாவது வீடு பதினொரு நாள்தான் நின்றது.

அதற்குப் பிறகு விடுதிக்காரிகள் அவனைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள்.

"போய்யா! நீ படுத்த இடத்துக்கெல்லாம் பின்னாலயே கடப்பாரை வருது."

"கோடு போடுறது நானாம்மா?"

"நீ போடல. உன் மூட்டையைப் பார்த்துத்தான் போடறாங்க."

குளிர் நெருங்கியது. வழக்கமாகக் குளிர்காலத்துக்கு ஊர் போகிறவன் அந்த வருஷம் திரும்பவில்லை. கூரை கட்டாயம் வேண்டும்.

நவம்பரில் மதாம் கொகார் என்ற விதவை வேலையிடத்துக்கே அவனைத் தேடி வந்தாள். அவளுக்குச் சொந்தமாக ஒரு விடுதி இருந்தது.

"பூர்தேங்கறது நீதானே? கணப்புக்குப் பக்கத்துல கட்டில் காலியா இருக்கு. இன்னிக்கே வந்துடு."

இந்த விடுதிகளில் அவரவர் ரொட்டியை அவரவரே கிண்ணத்தில் அறுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்; விடுதிக்காரி மேலே சூப் ஊற்றுவாள், அவ்வளவுதான். மதாம் கொகார் இவன் கிண்ணத்தில் மட்டும் ஒரு கறித்துண்டு வைத்தாள். அங்கேயே தங்கியிருந்த சக கொத்தனார் மார்சியல் காதோடு சொன்னான்:

"டேய், வீடு இடிஞ்சா அந்தம்மாவுக்கு நஷ்டஈடு வரும். நீ ராசியான ஆளுன்னு கூட்டியாந்திருக்கு."

சில்வேன் மென்றுகொண்டே யோசித்தான். வீடு போனால் கட்டில் போகும். வீடு நின்றால் கறி போகும்.

"என்னப்பா, ஏதாச்சும் தெரியுதா?" என்று தினமும் கேட்பாள்.

"பொறுங்கம்மா. எழுபது நாளுக்கு மேல எதுவும் தாங்கினதில்ல."

அறுபத்திரண்டாம் நாள் அளவுக்காரர்கள் கம்புகளோடு தெருவில் இறங்கினார்கள். அன்றைக்குக் கிண்ணத்தில் இரண்டு கறித்துண்டு. ஆனால் கோடு எதிர்வரிசையோடு போய்விட்டது. அந்த வரிசை முழுவதையும் சில்வேனே நின்று இடித்தான், கறியை நினைத்து வருந்தியும் கட்டிலை நினைத்து மகிழ்ந்தும்.

தூசி அடங்கியதும் மதாம் கொகாரின் வீடு அகன்ற புதுச் சாலையைப் பார்த்து நின்றது. ஜன்னல்களில் வெயில் விழுந்தது. மறுவாரமே வெள்ளைக் கையுறை போட்ட ஒரு மனிதர் படியேறி வந்து அறைகளைப் பார்த்துவிட்டுப் போனார்.

"சில்வேன், கோவிச்சுக்காதப்பா. மாடி முழுக்க ஒரு பல் வைத்தியர் கேக்கறார்."

"வீடுதான் இடியலயேம்மா!"

"அதனாலதான்ப்பா."

விடுதியில் தங்கியிருந்த பதினாலு பேரும் மூட்டையோடு தெருவுக்கு வந்தார்கள். ஒன்றேகால் மணி நேரம் மேட்டில் ஏறி பெல்வில்லில் ஒரு விடுதியைக் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்த அம்மாள் பதிவேட்டைத் திறந்தாள்.

"உன் பேரென்ன?"

சில்வேன் சற்றும் தயங்காமல், "மார்சியல்" என்றான்.

பின்னால் வரிசையில் நின்ற மார்சியல் அவசர அவசரமாக வேறு பெயர் யோசிக்க ஆரம்பித்தான்.